புழுதி அண்ணனின் வேகம்

மேடையில் அமர்ந்திருக்கும் மோட்டார் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. அவருக்கு அருகில், நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுபவர் போல உட்கார்ந்திருக்கும் நம் சேம்பியன் அவர்களே. இந்த மண்டபத்துக்கு நாற்காலி சேர்ப்பதற்காக நான்கு பள்ளிக்கூடங்களின் வகுப்பறைகளைக் காலி செய்த ரசிகர் மன்றச் செயலாளர் தம்பி அவர்களே. முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல அதைத் தட்டிக்கொண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே. வாசலில் இன்ஜினை அணைக்காமல் நின்று என் பேச்சைக் கேட்கும் நண்பர்களே, அணைத்துவிட்டுக் கேட்டால் எனக்கு உதவியாக இருக்கும். அனைவருக்கும் என் வணக்கம்.

நன்றி. இன்னும் ஒன்று ஓடுகிறது. அந்தச் சிவப்பு வண்டி. ஆமாம், உங்களைத்தான். நன்றி.

தலைவர் என்னை அழைக்கும்போது 'நகைச்சுவை எழுத்தாளர்' என்று சொல்லி அழைத்தார். அழுகிற வீட்டுக்கு ஆட்டக்காரனைக் கூப்பிட்டது போல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் அந்தத் தகுதியில் இங்கே வரவில்லை. என் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து அது விடைபெற்ற காலம் வரை புழுதி அண்ணனின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தத் தகுதியில் வந்திருக்கிறேன்.

கார் ராலி என்றால் என்னவென்று அறியாத உறவினர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை. காட்டுப் பாதையை, மலைப் பாதையை அன்றைக்கு ஒருநாள் மூடிவிடுவார்கள். எதிரே ஒரு ஈ காக்கை வராது. அந்த மண் பாதையில் வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். வண்டியில் இருவர். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் மடியில் குறிப்புகளை வைத்துக்கொண்டு, வரப்போகிற வளைவை, மேட்டை, பள்ளத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவார். அவருக்குப் பெயர் நேவிகேட்டர். ஓட்டுபவருக்கு முன்னால் தெரிவதெல்லாம் புழுதிதான். கண்ணை நம்பி அங்கே ஓட்ட முடியாது; பக்கத்தில் இருப்பவன் வாயை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

அந்த வாய் இதுதான்.

என்னைப் போன்ற ஒருவனின் வாயை நம்பி உயிரைப் பணயம் வைத்த மனிதரின் துணிச்சலை நினைத்துப் பாருங்கள். என் மனைவி என்னைக் காய்கறி வாங்கக்கூட நம்பி அனுப்புவதில்லை.

அண்ணன் பேசமாட்டார். அது உங்களுக்கெல்லாம் தெரியும். பேட்டி எடுக்க வந்த நிருபர்கள் கேள்வியையும் கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லி, 'நன்றி சார்' என்று கிளம்பிப் போவார்கள். வண்டிக்குள்ளும் அப்படித்தான். நான் 'இடப்பக்கம் வளைவு, உள்ளே கல்' என்று கத்துவேன். காதில் விழுந்ததற்கு அடையாளமாக, ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். விரல் எழாவிட்டால் நான் மறுபடியும் சொல்ல வேண்டும். எழுகிற வரை சொல்ல வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது. என் மனைவி இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டு வீட்டிலும் அமல்படுத்தினார். இன்றுவரை எனக்கு அங்கே ஒரு விரல்தான் அனுமதி.

ஒரு பந்தயம் முழுவதிலும் அவர் பேசிய ஒரே வார்த்தை 'வாந்தியா?' என்பதுதான். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. விரலைத் தூக்கினேன்.

அப்பேர்ப்பட்டவர் போய்விட்டார். செய்தி பரவியதும் ஒரு நிருபர் என்னை அழைத்தார்.

"சார், எந்த வளைவுல நடந்துச்சு?"

"சாப்பாட்டு மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல, தம்பி."

"இல்ல சார், அந்த நேரத்துல என்ன வேகத்துல..."

"ஆரஞ்சுப் பழம் உரிச்சிட்டிருந்தார். தோலு அறுந்துடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து உரிப்பார். அந்த வேகத்துல."

நிருபருக்கு ஏமாற்றம். குரலிலேயே தெரிந்தது. நெஞ்சு நின்றுபோவதெல்லாம் கணக்காளர்களுக்கு நடப்பது, ராலி வீரன் மலையிலிருந்து பாய்ந்தல்லவா சாக வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் எல்லோருமே அண்ணனை அப்படித்தானே எதிர்பார்த்தோம்?

வாசலில் கட்டியிருக்கும் பதாகையைப் பார்த்தீர்களா? 'புழுதி அண்ணனின் வேகத்தில் ஓர் இறுதி ஊர்வலம்.' கூட்டம் முடிந்ததும் இத்தனை வண்டிகளும் இங்கிருந்து கிளம்பி, தண்ணீர்த் தொட்டிச் சாலை வழியாகப் பழைய மைதானம் வரை போகப்போகின்றன. செயலாளர் தம்பி வழியெங்கும் படம் பிடிக்க ஆள் நிறுத்தியிருக்கிறார். ஏற்பாடெல்லாம் கனகச்சிதம்.

நேற்று மாலை, இந்த மண்டபத்துப் பின்னறையில், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே அண்ணி என்னைப் பிடித்தார்கள்.

"தண்ணித்தொட்டி வளைவு வழியாவா போறாங்க?"

"ஆமா அண்ணி. போஸ்டர்ல போட்டாச்சு."

"அந்த அம்மா ஜன்னலோரம் உக்காந்துதான் தைப்பாங்க. தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்ப நீ பேசு."

"அண்ணி, நான் பேசினா எவன் கேப்பான்? நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறானுங்க."

"அவரு கேட்டாரே. உன் பேச்சக் கேட்டுத்தானே அத்தன மலை ஏறி எறங்கினாரு. சொல்லு. கேக்கலைன்னா மறுபடியும் சொல்லு."

அந்த வளைவில் ஒரு வீடு இருக்கிறது. அதன் வாசலை இந்த ஊர்வலம் இன்று எப்படிக் கடக்கப்போகிறது என்பதுதான் எனக்குள்ள கவலை. அதைப் பற்றிப் பேசத்தான் எழுந்து நிற்கிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன். நேராகப் பேசிப் பழக்கமில்லை. வளைவுகளைச் சொல்லியே வயிறு வளர்த்தவன்.

முதலில் அண்ணனின் வேகம் என்னவென்று பார்ப்போம்.

ஒருமுறை நானும் என் மனைவியும் வெளியூர் போக ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. நேரமாகிவிட்டது. அண்ணன் தன் சாம்பல்நிறச் சின்ன வண்டியில் வந்து நின்றார். அடுத்த வீட்டுப் பெண்மணியிடம் என் மனைவி, "யாரு ஓட்டப்போறாங்கன்னு பாத்தீங்கல்ல? ரயிலுக்கு முன்னாடி நாங்க ஊர் போய்ச் சேந்துருவோம்" என்று பெருமையடித்துவிட்டு ஏறினார்.

தெருமுனையில் எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. அதன் பிறகு பால் வண்டி. அதன் பிறகு, காலை நடைக்குக் கிளம்பிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் எங்களை முந்தினார் என்று சொல்வது நியாயமாகாது. அண்ணனோடு ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூடவே வந்தார். பிறகு அவருக்கு வேலை இருந்தது, போய்விட்டார்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் அழுத்தினா என்ன?"

அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இது எல்லாரும் போற ரோடு, தங்கச்சி."

அவ்வளவுதான். ரயில் போய்விட்டது. அடுத்த வீட்டுப் பெண்மணி அன்று மாலை எங்களைப் பார்த்து, "என்ன, அதுக்குள்ள போய்ட்டுத் திரும்பியாச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொரு நாள், மெதுவாகப் போய்ப் போக்குவரத்தை மறிக்கிறார் என்று ஒரு போலீஸ்காரர் எங்களை ஓரங்கட்டினார். உள்ளே குனிந்து பார்த்தவர் அப்படியே விறைத்துப்போய்விட்டார்.

"அண்ணே, நீங்களா? இப்படி உருட்டிட்டு வர்றீங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?"

அண்ணன் தலையாட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று எனக்கே புரியவில்லை. போலீஸ்காரர் தன் வண்டியால் வழிவிலக்கி எங்களை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார். நன்றாக இருக்கிற மனிதரை உள்ளே அழைத்துப்போய் நான் எங்கே படுக்க வைப்பது? வாசலில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போதும் அதே வேகம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்க வைத்துத்தான் பிழைத்தேன். ஆனால் இதை யாராவது படம் பிடித்தோமா? காட்டில் அவர் வண்டி அந்தரத்தில் பறந்ததற்கு எத்தனை படங்கள் இருக்கின்றன, எத்தனை சுவர்களில் தொங்குகின்றன! தெருவில் தலைமையாசிரியர் அவரை முந்திய படம் ஒன்று உங்களிடம் உண்டா? உங்களிடம் உண்டா? பின்வரிசையில்?

இல்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

சரி, சேம்பியன் கதைக்கு வருவோம். அவர் நெளிகிறார். இந்தக் கதையை என்னைவிட அதிகமான மேடைகளில் சொன்னவர் அவர்தான், ஆகையால் ரகசியம் எதையும் நான் உடைக்கவில்லை. நெளிய வேண்டாம் சேம்பியன், உட்காருங்கள்.

ராலி வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. வண்டி கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர்கள் நலமாக இருந்தால், பின்னால் வருகிறவருக்குப் பச்சையைக் காட்ட வேண்டும். 'எங்களுக்கு ஒன்றுமில்லை, நீ போ' என்று பொருள். அடிபட்டிருந்தால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தவர் பந்தயத்தை மறந்துவிட்டு நிற்க வேண்டும். அது விதி.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். பட்டம் அண்ணனுக்கா, இவருக்கா என்ற நிலை. இவர் எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனார். மலையிறக்கத்தில் ஒரு வளைவு தாண்டியதும் பார்க்கிறோம், இவர் வண்டி தலைகீழாகக் கிடக்கிறது. ஜன்னல் வழியாக ஒரு கை. கையில் பலகை. சிவப்பு.

நான் அடுத்த வளைவைச் சொல்ல வாயைத் திறந்தேன். வண்டி அதற்குள் நின்றுவிட்டது. அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறார். பேசாத மனிதர் அன்று கூப்பிட்ட கூப்பாடு மலையெங்கும் எதிரொலித்தது. நானும் பின்னால் தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே நம் சேம்பியனும் அவருடைய நேவிகேட்டரும் வௌவால் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"யோவ், நீ எதுக்குய்யா நின்ன?" இது சேம்பியன், தலைகீழாக.

"அடி எங்க பட்டிருக்கு?" இது அண்ணன்.

"அடியா? ஒரு கீறல்கூட இல்ல. போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதானே?"

"சிவப்பு காட்டினியே?"

"பச்சையத்தான்யா காட்டினேன். இதோ பாரு, இன்னமும் பச்சைதான்."

அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பச்சைதான். அவர் பக்கம் பச்சை. ரோட்டில் நின்ற எங்கள் பக்கம் சிவப்பு.

பட்டம் அந்த இடத்திலேயே போனது. எங்களுக்கும் கிடைக்கவில்லை, இவருக்கும் கிடைக்கவில்லை. பின்னால் வந்த மூன்றாமவர் கொண்டுபோனார். உதவிக்கு நின்றால் இழந்த நேரத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் விசாரணையில் இவர், 'நான் பச்சைதான் காட்டினேன்' என்று அடித்துச் சொன்னார். பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார். அப்படியானால் அண்ணன் காரணமில்லாமல் நின்றதாகத்தானே ஆகும்? ஆகிவிட்டது. பல நாள் கழித்து, வீட்டில் ஒரு தட்டை எடுத்து எப்படிப் பிடித்தேன் என்று மனைவிக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா, "எனக்கு அடிப்பக்கந்தானேங்க தெரியுது" என்றார்களாம். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. ஓடிவந்து அண்ணன் முன்னால் நின்றார்.

அண்ணன் சொன்னது இது: "விடுய்யா. தலைகீழாத் தொங்கறவன் சாட்சிய எவனாச்சும் எடுத்துக்குவானா?"

அதற்குப் பிறகு சேம்பியன் மூன்று முறை பட்டம் வென்றார். அண்ணனுக்கு அது கிட்டவே இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் நீங்கள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டீர்கள். எதிரிக்காகப் பட்டத்தை விட்டவர்! ஒரு தலைமுறையே அவர் பின்னால் வந்தது. அவர் பெயரை வண்டியில் ஒட்டினீர்கள். அவரைப் போல முடி வெட்டினீர்கள். 'புழுதித் திருப்பம்' என்று பெயர் வைத்து, ரவுண்டானாக்களில் பின்சக்கரம் வழுக்கச் சுற்றினீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் நின்றதற்காகத்தானே அவரைக் கொண்டாடினோம்? பிறகு ஏன் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்?

அடுத்த சில ஆண்டுகளில் அண்ணன் ஓய்வு பெற்றார். கை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். முதுகுவலி என்று அறிக்கை வந்தது. ஊர் சும்மா இருக்குமா? சேம்பியனோடு தகராறு என்றது. அண்ணி சாவியை ஒளித்துவைத்துவிட்டார் என்றது. கண்பார்வை போய்விட்டது என்றது. வதந்தி பரப்புவதில் எனக்கும் ஓரளவு பெயர் உண்டு. ஆனால் இவற்றில் ஒன்றும் என்னுடையது அல்ல. என்னுடையதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சுவையாக இருந்திருக்கும்.

உண்மைக் காரணத்தை அறிந்தவர்கள் நான்கு பேர். அண்ணன், அண்ணி, நான், அந்த வளைவு வீட்டில் இருக்கும் தையல்காரம்மா. அதை இன்று சொல்லப் போகிறேன். நேற்று அண்ணியே போய் அந்த அம்மாவிடம் கேட்டார்கள். அந்த அம்மா சொன்ன பதில்: "தாராளமா சொல்லட்டும். இன்னும் எத்தனையோ பிள்ளைங்க வண்டி வச்சிருக்குங்கல்ல."

அந்த அம்மாவுக்கு ஒரே மகன். உங்களில் சிலருக்குப் பழக்கமானவன்தான். இந்த மன்றத்தின் ஆரம்பக்கால உறுப்பினன். பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்கண்ணாடியில் அண்ணன் படத்தை ஒட்டியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், தண்ணீர்த் தொட்டி வளைவில், புழுதித் திருப்பம் போட்டுப் பார்த்தான். வண்டி தொட்டிச் சுவரில் மோதியது. வீட்டுக்கு எதிரே உள்ள சுவர். அம்மா ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சாவுச் சேதி கேட்டு அண்ணன் கிளம்பினார். நான் கூடப் போனேன். சின்ன அறை. தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை, தரையெல்லாம் நீலத் துணித் துண்டுகள். உட்கார இடம் வேண்டுமே என்று அந்த அம்மா ஸ்டூலில் இருந்த துணிகளை அள்ளினார்கள். அண்ணன் உட்காரவில்லை. நான் இருக்கிற இடத்தில் அமைதி இருக்காது என்பீர்களே, அன்றைக்கு இருந்தது.

அந்த அம்மா அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்கள். "இந்த வளைவுல நீங்கன்னா எப்படித் திரும்புவீங்க? எம்புள்ள எங்க தப்புப் பண்ணினான்னு எனக்குத் தெரியணும்."

அண்ணன் ஜன்னல் வழியாக அந்த வளைவைப் பார்த்தார்.

"தெனமும் இந்த வழியாத்தாம்மா பட்டறைக்குப் போறேன். இங்க வந்தா, நடக்கற மாதிரிதான் போவேன். அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னு தெரியாதுல்ல."

அந்த அம்மா கேட்டார்கள்:

"அத அவன்கிட்ட யாரும் சொல்லலையே?"

அன்பார்ந்தவர்களே, அண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். திரும்பி வரும்போது வண்டிக்குள் நான் ஏதோ சமாதானம் சொன்னேன். விரல் எழவில்லை. மறுபடியும் சொன்னேன். எழவில்லை. அந்த ஒரு நாள்தான் நான் எங்கள் சட்டத்தை மீறி, சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் ராலி வண்டியில் ஏறவில்லை.

சும்மா இருந்தாரா? இல்லை. சொல்ல முயன்றார். பேசத் தெரியாத மனிதர் பேச முயன்றார். கல்லூரி விழாவுக்கு அழைத்தார்கள், போனார். வீட்டில் அண்ணி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். மைக்கைப் பிடித்து, "ரோட்ல எல்லாரும் மெதுவாப் போங்க" என்றார். அரங்கம் முழுக்க ஒரே சிரிப்பு. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். நான் எத்தனையோ ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி வாங்காத சிரிப்பை அவர் நான்கே சொற்களில் வாங்கினார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். விசில் பறந்தது. வெளியே வண்டி தயாராக இருக்கிறது, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள் அண்ணே என்றார்கள். அவர் இறங்கி நடந்தே வீடு வந்தார்.

எந்த வண்டியும் அவர் சொன்னபடி கேட்டது. நாம்தான் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பட்டம் போனது பெரிய வருத்தம் என்று இங்கே பேசியவர்கள் சொன்னார்கள். இல்லை. அதை அவர் மறுநாளே மறந்துவிட்டார். அவர் மனதோடு கொண்டுபோன வருத்தம் வேறு. அந்த அம்மா கேட்ட கேள்வி.

கடைசி வரை தினமும் அந்த வழியாகத்தான் பட்டறைக்குப் போனார். வளைவில் வரும்போது, ஜன்னலைப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். அந்த அம்மா துணியிலிருந்து தலையை நிமிர்த்துவார்கள். நேற்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்கள்: "எந்த வண்டி வந்தாலும் எனக்குத் திக்குங்கும். அவரு வண்டி ஒண்ணுதான் என் மெஷின் சத்தத்துக்கு மேல கேக்காது."

புழுதி அண்ணனின் வேகம் அதுதான். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்காத வேகம்.

இப்போது வாசலில் இருக்கும் பதாகைக்கு வருகிறேன். பதாகையில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். செயலாளர் தம்பி கவலைப்பட வேண்டாம். 'அண்ணனின் வேகத்தில் ஓர் இறுதி ஊர்வலம்', அப்படியே போவோம். காட்டுப் பாதையில் அவர் போனது, எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து போன வேகம். தண்ணீர்த் தொட்டிச் சாலை எல்லோரும் போகிற சாலை. உங்களுக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அது எனக்கும் தெரிந்ததுதான். வண்டி புதிது, கை உறுதி, மனம் நிறைய அண்ணன்; எல்லாம் பச்சை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று சேம்பியனைக் கேளுங்கள்.

முதல் வண்டி அண்ணனுடைய சாம்பல்நிற வண்டி. ஓட்டப்போவது அண்ணி. சாவி ஒளித்துவைத்ததாகச் சொன்னீர்களே, அது அவர்கள் கைப்பையில்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் நான். அண்ணியை யாரும் முந்தக் கூடாது. அப்படியும் அவசரம் என்றால் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி வண்டி சேம்பியனுடையது. வாழ்நாளில் ஒருமுறையாவது கடைசியில் வருகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கையில் பலகை எதையும் கொடுத்துவிடாதீர்கள். வழியில் நின்று படம் பிடிப்பவர்கள் தாராளமாகப் பிடிக்கட்டும். இத்தனை நாளாக நம்மிடம் இல்லாத படம் அது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக எழுந்து நின்று, அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவோம். கைதட்டுவோம். கலைவோம். அன்னாரின் பணி எது? அவர் சொல்ல நினைத்து, சொல்லி, நாம் சிரித்துவிட்ட அந்த ஒன்றுதான். அதைச் சொல்கிற வேலையை இனி நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றே. குறிப்பைச் சொல்வேன். விரல் எழாவிட்டால் மறுபடி சொல்வேன். எழுகிற வரை சொல்வேன். என் தொண்டையைப் பற்றி அண்ணன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஹெல்மெட்டை நாற்காலியில் வையுங்கள். குறிப்பைச் சொல்கிறேன்.

மண்டப வாசல், இடப்பக்கம். கடைத்தெரு, நேர். பள்ளிக்கூடம், மெதுவாக. தண்ணீர்த் தொட்டி, வலப்பக்கம் வளைவு. மறுபக்கம் தெரியாது. ஜன்னல். ஒரு அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடக்கிற மாதிரி.

காதில் விழுந்ததா?

முன்வரிசையில் தெரிகிறது. அண்ணி, நீங்களுமா? சரி. சேம்பியன், விரல் ஒன்று போதும், இரண்டு கையையும் தூக்க வேண்டாம். நடுவரிசையில் சில. தூண் பக்கம் ஒன்று. வாசலில் இன்னும் எதுவும் தெரியவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். மண்டப வாசல், இடப்பக்கம். கடைத்தெரு, நேர். பள்ளிக்கூடம், மெதுவாக. தண்ணீர்த் தொட்டி, வலப்பக்கம் வளைவு. மறுபக்கம் தெரியாது. ஜன்னல். ஒரு அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடக்கிற மாதிரி.

சிவப்பு வண்டி தம்பி, உங்களுக்காக இன்னொரு முறை சொல்லட்டுமா?

வேண்டாம். பார்த்துவிட்டேன். நன்றி.

போகலாம் அண்ணி.